மஞ்சள் மூடி டியூப்பில் வெள்ளையாக நின்றது

தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு அண்ணன் வந்து என் எதிரில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். லாரி கம்பெனியில் நாற்பது வயது தாண்டிய டிரைவர்கள் எல்லாரும் இரத்தப் பரிசோதனை செய்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் நான் இருபத்திரண்டு வருஷமாக லேப் வேலை செய்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எத்தனையோ பேருக்கு இரத்தம் எடுத்திருக்கிறேன். சொந்த அண்ணனுக்கு ஊசி குத்தியது அன்றுதான் முதல் முறை.

அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது பாப்பா, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

எடுத்த இரத்தத்தை அரை மணி நேரம் அப்படியே நிற்க வைத்து, உறைந்ததும் மெஷினில் போட்டுப் பத்து நிமிஷம் சுழற்றுவோம். வெளியே எடுத்தால் டியூப்பின் அடியில் கருஞ்சிவப்பாக உறைந்த இரத்தம், நடுவில் மெழுகு மாதிரி ஒரு தடுப்பு, அதற்கு மேலே சீரம். சீரம் வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். டியூப்புக்குப் பின்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம். அண்ணனுடைய டியூப்பைத் தூக்கிப் பார்த்தேன். தடுப்புக்கு மேலே வெள்ளை. தேங்காயைத் துருவிப் பிழிந்து எடுத்த முதல் பால் போல இருந்தது. சாய்த்தபோது கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கியது. ஒட்டியிருந்த பெயரைத் திரும்பவும் பார்த்தேன். அவர் பெயர்தான்.

இந்த மாதிரி சீரத்தை நான் பார்க்காதவள் இல்லை. பண்டிகைக்குப் பிறகு வரும் வாரங்களில் எப்படியும் இரண்டு மூன்று வரும். ஆனால் அன்று கொஞ்ச நேரம் டியூப்பை ஸ்டாண்டில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 7.9. அது 1.7க்குள் இருக்க வேண்டும். கொழுப்பு எண்கள் எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. மொத்தக் கொலஸ்ட்ரால் 6.4. ஈரல் எவ்வளவு வேலை வாங்கப்படுகிறது என்று காட்டும் ஜிஜிடி 168. யூரிக் அமிலம் கூடுதல். கெட்ட கொழுப்பு என்று சொல்கிற எல்டிஎல் வரியில் எண்ணே இல்லை, 'கணக்கிட முடியவில்லை' என்று போட்டிருந்தது. எல்டிஎல்லைப் பெரும்பாலும் நேராக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து மற்றவற்றைக் கழித்துக் கணக்குப் போடுவார்கள். ட்ரைகிளிசரைடு 4.5ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு ஒத்துவராது. இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு வரி நட்சத்திரக் குறி இல்லாமல் சுத்தமாக இருந்தது. நல்ல கொழுப்பு, எச்டிஎல், 1.6.

அன்று சாயங்காலமே அண்ணன் போன் செய்தார். குரலில் சந்தோஷம்.

"பார்த்தியா பாப்பா, நல்ல கொழுப்பு 1.6. பக்கத்திலேயே போட்டிருக்கு, 1.0க்கு மேல இருந்தா போதும்னு. நான் அப்பவே சொன்னேன்ல, கொஞ்சம் போட்டா நெஞ்சுக்கு நல்லதுன்னு."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "அண்ணே, மத்த வரியையும் படிங்க" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் போனில் பேச வரவில்லை. அன்று பேசாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தக் 'கொஞ்சம்'. அண்ணன் தினமும் குடிப்பவர் இல்லை. வெள்ளி, சனி இரண்டு இரவும் கடையில் கூட்டாளிகளோடு உட்காருவார். ஆளுக்கு மூன்று பெரிய போத்தல் பியர். 640 மில்லி போத்தல், 5 சதவீதம் என்றால் அதில் சுத்தமான மது சுமார் 25 கிராம். மூன்று போத்தலுக்கு 75 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஓர் அளவு என்று எடுத்துக்கொள்வது 10 கிராம். அப்படியென்றால் ஒரே இரவில் ஏழு அளவுக்கு மேல். தீபாவளி வாரத்தில் பிராந்தியும் சேர்ந்தது. சம்சு என்ற மலிவுச் சாராயம் இன்னும் மோசம். முன்பெல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற 150 மில்லி போத்தலில் விற்றார்கள், 37 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே 44 கிராம் வருகிறது. சின்னப் போத்தல்தானே என்று மடியில் சொருகிக்கொண்டு போனவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

சரி, உள்ளே போன மது என்ன ஆகிறது? பெரும்பகுதி ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாற்றி, பிறகு அசிட்டேட்டாக மாற்றித்தான் வெளியேற்ற முடியும். என்னோடு வேலை செய்யும் சீனப் பெண் அரை கிளாஸ் குடித்தாலே முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடக்கும் என்பார். அந்த நஞ்சை அடுத்த படிக்கு மாற்றும் என்ஸைம் கிழக்காசிய மக்கள் பலருக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. நம்மில் பெரும்பாலோருக்கு அது வேலை செய்கிறது, அதனால் முகம் சிவப்பதில்லை. எச்சரிக்கும் மணி அடிக்காததால் நம் ஆட்கள் இரண்டாவது போத்தலையும் திறக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மதுவை எரிக்கும் வேலையில் ஈரல் மும்முரமாக இருக்கும்போது கொழுப்பை எரிக்கும் வேலை பெரிதும் குறைந்துபோகிறது. எரியாத கொழுப்பு அங்கேயே சேர்கிறது, புதிதாகவும் கொழுப்பு உண்டாகிறது. இடம் இல்லாமல் ஈரல் அதைப் பொட்டலம் கட்டி இரத்தத்தில் அனுப்புகிறது. நான் டியூப்பில் பார்த்த வெள்ளை அதுதான். கூடவே ஆட்டுக்கறிப் பெரட்டலும் முறுக்கும் அதிரசமும் போனால் கேட்கவே வேண்டாம். யூரிக் அமிலம் ஏறுவதற்கும் இதே கதைதான். மது எரியும்போது லாக்டேட் கூடுகிறது, அது சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியே தள்ளுவதைத் தடுக்கிறது. கூடிய யூரிக் அமிலம் மூட்டில் படிந்தால் வீங்கும். அண்ணனுக்குக் கால் பெருவிரல் வீங்கி இரண்டு நாள் லாரி ஏற முடியாமல் கிடந்தது போன வருஷம். செருப்பு கடித்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தோம்.

எச்டிஎல் ஏறுவது உண்மைதான், அண்ணன் பொய் சொல்லவில்லை. மது குடித்தால் எச்டிஎல் ஏறும். எச்டிஎல் கூடுதலாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதும் பழைய ஆய்வுகளில் வந்ததுதான். இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டதில்தான் தவறு. எச்டிஎல்லை ஏற்றினால் மாரடைப்பு குறையுமா என்று மருந்து செய்தே பார்த்துவிட்டார்கள். டோர்செட்ராபிப் என்ற மாத்திரை எச்டிஎல்லை நன்றாகவே ஏற்றியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் அந்தச் சோதனையையே நிறுத்தினார்கள். பிறகு வந்த டால்செட்ராபிப்பும் எச்டிஎல்லை ஏற்றியது, மாரடைப்பைக் குறைக்கவில்லை. ரிப்போர்ட்டில் ஓர் எண் அழகாக இருக்கிறது என்பதற்காக இருதயம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரத்தத்தில் நாங்கள் அளப்பது நாலைந்து பொருள்தான். அதைவிட ஆழமாகப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கிய இருதய ஆய்வு இன்னும் நடக்கிறது. 1971இல் முதலில் சேர்ந்தவர்களின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகள் தலைமுறையில் 2,428 பேருடைய இரத்தத்தில் 211 பொருள்களை அளந்து, பல வருஷங்களில் அவர்கள் சராசரியாக எவ்வளவு குடித்தார்கள் என்பதோடு பொருத்திப் பார்த்தார்கள். உடல் ஒன்றை உடைத்தும் சேர்த்தும் வேலை செய்யும்போது இரத்தத்தில் மிதக்கும் சின்னச் சின்னப் பொருள்கள் இவை, வளர்சிதைப் பொருள்கள் என்று தமிழில் எழுதுகிறார்கள். அதில் 60 பொருள்கள் குடியின் அளவோடு சேர்ந்து மாறின. அந்த 60இல் 10 பொருள்கள் பின்னால் வந்த இருதய நோயோடும் தொடர்பு காட்டின. ஆனால் எல்லாம் ஒரே பக்கம் இல்லை. சில நோய் கூடுவதோடு சேர்ந்து நின்றன, சில குறைவதோடு சேர்ந்து நின்றன. இரண்டு கட்டாகப் பிரித்துக் கணக்குப் பார்த்தபோது ஒன்று ஏற்றத்தையும் மற்றது இறக்கத்தையும் காட்டியது.

இதைப் படித்தபோது எனக்கு அண்ணனுடைய ரிப்போர்ட்தான் கண் முன்னால் வந்தது. ஒரே மது, ஒரே இரத்தத்தில் இரண்டு பக்கமும் இழுக்கிறது. அதில் நமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்கிறோம். அந்த ஆய்வும் தொடர்பைத்தான் காட்டுகிறது, இதனால்தான் இது என்று முடிவு கட்டவில்லை.

பிரேமிங்ஹாம்காரர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நம் இரத்தம் வேறு. நம் ஆட்களுக்குப் பொதுவாகவே ட்ரைகிளிசரைடு கூடுதல், எச்டிஎல் குறைவு, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) சீக்கிரம் வருகிறது. 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. அதில் தெற்காசியர்களை மட்டும் தனியாக எடுத்து 2007இல் எழுதினார்கள். முதல் மாரடைப்பு வரும் வயது தெற்காசியர்களுக்கு நடுவாக 53, மற்றவர்களுக்கு 59 என்று இருந்தது. மற்ற நாடுகளில் கொஞ்சம் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவாகத் தெரிந்தது. தெற்காசியர்களிடம் அந்தப் பாதுகாப்பு தெரியவே இல்லை. அண்ணனுக்கு இப்போது வயது 54.

அந்த 'மற்றவர்களுக்குக் குறைவு' என்பதிலும் ஓட்டை இருக்கிறது. இதை நான் எங்கள் அப்பாவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், பத்து மணிக்குப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவார். சாயங்காலம் கள்ளுக்கடை. தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. அது மூடிய பிறகு டவுனில் இருந்து சம்சு வந்தது. ஐம்பத்தைந்து வயதில் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து நெடுநேரம் அப்படியே இருக்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு வராது. மூன்று தலையணை வைத்தும் முடியாமல், லயத்து வீட்டுக் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய விடியத் தூங்குவார். அம்மா எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயம் பெரிசாகி, தசை தளர்ந்து போய்விட்டது, குடிதான் காரணம் என்றார்கள். வருஷக்கணக்கில் அதிகமாகக் குடித்தால் இருதயத் தசையையே அது இப்படிக் கெடுக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அடைப்பு வந்தால்தான் இருதய நோய் என்று நினைத்திருந்தேன்.

அப்பா அன்றைக்கே நிறுத்தினார். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. இரண்டு வருஷம் கழித்து இறந்துபோனார்.

அந்த இரண்டு வருஷத்தில் யாராவது ஆய்வுக்காரர் எங்கள் லயத்துக்கு வந்து, "ஐயா, நீங்கள் குடிப்பீர்களா?" என்று கேட்டிருந்தால் அப்பா உண்மையாகவே "இல்லீங்க" என்று சொல்லியிருப்பார். குடிக்காதவர் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருக்கும். இறந்ததும் அந்தப் பட்டியலில் ஒரு சாவு கூடியிருக்கும். குடிக்காதவர்களை விடக் கொஞ்சம் குடிப்பவர்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று வந்த பழைய கணக்குகள் பலவற்றில் இப்படி நோயால் நிறுத்தியவர்கள் கலந்திருந்தார்கள். 1988லேயே பிரிட்டனில் ஷேப்பர் என்ற ஆய்வாளர் இதைச் சுட்டிக் காட்டினார். 2022இல் பிரிட்டனில் 371,463 பேருடைய தகவலை வைத்து வந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அளவாகக் குடிப்பவர்கள் பொதுவாகவே காய்கறி கூடுதலாகச் சாப்பிடுகிறவர்கள், நடக்கிறவர்கள், புகை குறைவாகப் பிடிக்கிறவர்கள். அதைக் கழித்துப் பார்த்தால் நன்மை சுருங்கிப்போகிறது. குடிப்பழக்கத்தோடு தொடர்புள்ள மரபணுவை வைத்துப் பார்த்தால் குடி கூடக்கூட இருதய நோய் வாய்ப்பும் ஏறுகிறது, மேலே போகப்போக வேகமாக ஏறுகிறது.

2023 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றே சொல்லிவிட்டது. வாரத்துக்கு ஒரு கிளாஸ் குடிக்கிறவரும் மூன்று போத்தல் குடிக்கிறவரும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன், ஆபத்து அளவோடு ஏறுகிறது. ஆனால் மருந்தாக நினைத்துக் குடிக்கிறேன் என்று இனி யாரும் என்னிடம் சொல்லக்கூடாது.

நம் ஊருக்கு இந்தப் பேச்சு புதிதும் இல்லை. இங்கே பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்தில்தான் ஏ. எம். சாமி கள்ளை எதிர்த்த தொண்டர் படையை நடத்தினார். 1947 பிப்ரவரியில் பீடோங் கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல் நடந்தது, போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தது. அதற்கு முன்பு 1941இல் கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்திலும் கள்ளுக்கடையை மூடு என்பது ஒரு கோரிக்கை. அவர்களிடம் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கிடையாது. சம்பள நாளன்று வீட்டுக்கு வந்து சேராத காசை அவர்கள் எண்ணிப் பார்த்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரிப்போர்ட்டை மேசையில் விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த டியூப் படத்தையும் காட்டினேன். அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "இது ரத்தமா?" என்று கேட்டார். அண்ணன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்பாவுக்கு யாரும் டியூப்பைத் தூக்கிக் காட்டியதில்லை.

அண்ணன் டாக்டரைப் பார்த்தார். ட்ரைகிளிசரைடு 10க்கு மேலே போனால் கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும் என்று அவர் எச்சரித்து, ஆறு வாரம் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், பிறகு பார்ப்போம் என்றார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தக்கூடாது. கை நடுங்கி, வியர்த்து, வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி, அவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அண்ணன் வாரம் இரண்டு நாள் குடிப்பவர் என்று தெரிந்துதான் டாக்டர் அப்படிச் சொன்னார்.

ஆறு வாரம் கழித்து மறுபடி கையை நீட்டினார். சுழற்றி எடுத்தேன். வெளிர் மஞ்சள். பின்னால் காகிதம் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன், எழுத்து தெரிந்தது. ட்ரைகிளிசரைடு 2.4, இன்னும் இறங்க வேண்டும். ஜிஜிடி 61. எல்டிஎல் வரியில் இந்தத் தடவை எண் இருந்தது, 3.3.

சாயங்காலம் போன் வந்தது. குரலில் கவலை.

"பாப்பா, நல்ல கொழுப்பு இறங்கிடுச்சே. 1.6 இருந்தது 1.2 ஆயிடுச்சு."

"குடியால ஏறினது அண்ணே, குடியை விட்டதும் இறங்கும்."

"அப்ப அது நல்லதா கெட்டதா?"

கொஞ்சம் யோசித்தேன். "முன்னே ஏறியிருந்தது உங்களைக் காப்பாத்தல அண்ணே. இப்ப இறங்கினதால ஒண்ணும் கெட்டுடல. டியூப்பைப் பாருங்க, அனுப்புறேன்" என்றேன். படத்தை அனுப்பினேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அண்ணிக்கும் காட்டினாராம்.

அண்ணன் வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து பால்குடம் எடுப்பவர். அந்த நாள்களில் மதுவைத் தொடவே மாட்டார். விரதம் முடிந்த வாரமே கடைக்குப் போய்விடுவார், கூட்டாளிகளும் காத்துக்கொண்டிருப்பார்கள். இந்தத் தடவையும் மாலை போட்டுவிட்டார். தைப்பூசம் முடிந்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு என்னிடம் வரவேண்டும் என்று நாள் குறித்து அண்ணியிடம் கொடுத்திருக்கிறேன், காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். முந்தின இரவு ஏழரை மணிக்கு மேல் சாப்பாடு வேண்டாம், பச்சைத் தண்ணீர் குடிக்கலாம்.